ஜப்பானிய எளிமையை அணுகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எளிமையிலும் குறையிலும் அழகு காணும் வாபி-சாபி என்ற ஜப்பானிய அழகுணர்வைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே, கோணலும் சொரசொரப்பும் கொண்ட எதுவும் அழகுதான் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். இதுதான் முதலில் தவிர்க்க வேண்டிய தவறு. தேநீர்க் கலையின் பேராசானாகிய சென் நோ ரிக்யூ 16ஆம் நூற்றாண்டில் அமைத்ததாகக் கருதப்படும் தையான் என்னும் தேநீர் அறை, கியோட்டோவுக்கு அருகே யாமஸாகியில் இன்றும் இருக்கிறது. இரண்டு பாய் விரிக்கும் அளவே கொண்ட அவ்வறையில், பிரபுவாக இருந்தாலும் குனிந்து நுழையும்படி வாசலைச் சிறிதாக வைத்திருக்கிறார்கள். மண்சுவரில் ஓரிடத்தைப் பூசாமல் விட்டு, உள்ளிருக்கும் கழிகளையே ஜன்னல் சட்டமாக்கியிருக்கிறார்கள். இதில் எதுவும் போகிறபோக்கில் நேர்ந்ததில்லை.

ரிக்யூவின் காலத்தில் குயவர் சோஜிரோ திரிகை இல்லாமல் கையாலேயே பிடித்துச் செய்த, ராகு எனப்படும் தேநீர்க் கிண்ணங்களையும், ரிக்யூ 1591இல் இறந்தபின் தேநீர் ஆசான் ஃபுருதா ஒரிபே விரும்பிய, வேண்டுமென்றே நெளித்த கிண்ணங்களையும் ஒரே ரசனையாகக் கலந்து பேசுவதும் சரியன்று. முன்னதன் மேடுபள்ளம் கையின் தடம். பின்னதன் நெளிவு துணிந்து காட்டிய வடிவம்.

எளிமை தானாகவே அமைந்துவிடும் என்று எண்ணும் தவறு கவிதையில் இன்னும் ஆழமானது. பாரதியார் 1916இலேயே சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதினார். ஆனாலும், மூன்று வரியில் மனத்தில் பட்டதை அப்படியே எழுதினால் ஹைக்கூ ஆகிவிடும் என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் நீங்கவில்லை. ஜப்பானிய ஹைக்கூ கவிஞர் பாஷோ 1689ஆம் ஆண்டுப் பயணத்தில் யாமகட்டா அருகே ஒரு மலைக்கோயிலில் கேட்ட சில்வண்டுகளின் ஓசையைப் பாடிய கவிதையைப் பாருங்கள். மலைக்கோயில் என்று தொடங்கிக் கல்லில் ஒட்டிக்கொள்ளும் ஓசையைச் சொன்னது முதல் வடிவம். பின்னர் கோயிலையே நீக்கிவிட்டு, தனிமையைத் தொடக்கமாக வைத்துப் பார்த்தார். இறுதி வடிவத்தில் நிசப்தம் முதலில் வர, ஓசை பாறைக்குள் ஊடுருவிச் செல்கிறது. பதினேழு அசை கொண்ட கவிதைக்கே இவ்வளவு திருத்தம் என்பதை ஹைக்கூ எழுத வரும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உடைந்த பாத்திரத்தை ஒட்டும் கின்ட்சுகியைப் பசையும் தங்க வண்ணமும் கொண்டு ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். மரப்பாலிலிருந்து எடுக்கும் உருஷி அரக்கு ஈரப்பதமான காற்றில்தான் இறுகும். ஒவ்வொரு பூச்சும் இறுகியபின் தேய்த்து மீண்டும் பூச வேண்டியிருப்பதால், மரபு முறையில் ஒரு கிண்ணத்துக்கே பல வாரங்கள் பிடிக்கும்.