மூத்தது சிசேரியன் என்றால் அடுத்தது எப்படி?

கிளினிக் நாளில் வாங்கில் இருக்கும் கர்ப்பிணிப் பிள்ளைகளிடம் "மூத்தது எப்படிப் பிறந்தது?" என்று கேட்பேன். சிசேரியன் என்றால், அடுத்த கேள்வி அவர்களிடமிருந்தே வந்துவிடும். "மிஸ், இனி எல்லாம் வெட்டித்தானே?" சிலர் அதை நிம்மதியோடு கேட்பார்கள், சிலர் கண் கலங்கிக் கேட்பார்கள். இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: அப்படிக் கட்டாயமில்லை, முதலில் பழைய கடதாசியைக் கொண்டுவாங்கோ.

முல்லைத்தீவு மாவட்டத்துப் புதுக்குடியிருப்புப் பக்கம் குடும்பநல உத்தியோகத்தராக (மருத்துவிச்சியாக) இருக்கிறேன். என் மூத்தவன் 2011 இல் சிசேரியன்; பிட்டம் கீழே இருந்தது. இளையவள் 2015 இல் பிரசவ நோ வந்து சாதாரணமாகப் பிறந்தாள். என் தங்கைக்கு இரண்டும் சிசேரியன். நான் கெட்டிக்காரி, அவள் பயந்தவள் என்று ஊரில் பேசினார்கள். அது எனக்கு இன்றைக்கும் கோபம் வரும் பேச்சு. ஒன்றுக்குச் 'சுகப்பிரசவம்' என்று பெயர் வைத்ததால், மற்றதில் பெற்றவள் ஏதோ குறை செய்தவள் போலக் கூனிக் குறுகி நிற்கிறாள். இந்த முடிவில் தைரியத்துக்கு வேலை இல்லை. உங்கள் கருப்பையில் எந்த வெட்டு, அது ஏன் விழுந்தது, ஒப்பரேசன் தியேட்டர் எவ்வளவு தூரம் என்பதுதான் கணக்கு.

முதல் வேலை டயக்னோசிஸ் கார்ட். ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்குப் போகும்போது தந்த அந்த அட்டையில் என்ன ஒப்பரேசன், ஏன் செய்தார்கள் என்று எழுதியிருக்கும். கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக ஒரே ஒருதரம் வெட்டியிருந்தால், பெரும்பாலானோர் அடுத்தமுறை நோ வரும்வரை பார்த்திருக்கலாம். மேற்பகுதியில் நெடுக்காக வெட்டியிருந்தால், அல்லது முன்பு கருப்பை கிழிந்திருந்தால், நோ தொடங்கமுன்னமே ஒப்பரேசன். அதில் பேச்சே இல்லை. இளங்கொடி (நஞ்சுக்கொடி) கருப்பை வாசலை மூடிக் கிடந்தாலும் அப்படித்தான்.

வயிற்றில் தெரியும் வடுவைப் பார்த்து உள்வெட்டைச் சொல்ல முடியாது. 2013 இல் ஒரு அக்கா என்னிடம் பதிய வந்தா. மூத்த பிள்ளை 2009 இல், இடம்பெயர்வுக்கு நடுவில் சிசேரியனில் பிறந்தது. ஒரு சொப்பிங் பையைக் கவிழ்த்து எல்லாவற்றையும் மேசையில் பரப்பினா. முகாமில் தந்த குடும்ப அட்டை, ஓரம் தண்ணியில் ஊறிக் காய்ந்த பிறப்புச் சான்றிதழ், ஒரு கொப்பித் தாள். கார்ட் மட்டும் இல்லை. தொப்புளுக்குக் கீழே நெட்டாக ஒரு வடு. "உள்ளயும் இப்பிடித்தானோ பிள்ளை?" என்று கேட்டா. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. யாருக்குமே சொல்ல முடியாது. நிபுணர் நாள் குறித்து ஒப்பரேசன் என்று தீர்மானித்தார். பிள்ளை பிறந்து வீட்டுக்குப் பார்க்கப் போனபோது புதுக் கார்டைக் காட்டினா: உள்ளே பழைய வெட்டு குறுக்காகத்தான் இருந்திருக்கிறது. அதற்காக அந்த முடிவு பிழை என்று சொல்லமாட்டேன். தெரியாத வடுவோடு நோவுக்கு விட்டுப் பார்க்கலாமா என்பதை நிபுணர்தான் எல்லாவற்றையும் பார்த்துச் சொல்லவேண்டும்.

கார்ட் தொலைந்திருந்தால் கைவிடாதீர்கள். பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு, பிறந்த ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறைக்குப் போய், அனுமதித்த திகதியைச் சொல்லிக் கேளுங்கள். இதை வயிறு பெரிதாக முன்னமே செய்துவிட வேண்டும்.

அடுத்தது காரணம். பிட்டம் கீழே இருந்தது, பிள்ளையின் துடிப்புக் குறைந்தது போன்றவை அந்தப் பிள்ளையோடு போன காரணங்கள். வாசல் முழுக்கத் திறந்தும் பிள்ளை இறங்கவில்லை என்று வெட்டியிருந்தால், இம்முறை வாய்ப்புக் கொஞ்சம் குறைவு, இல்லாமல் போகாது.

ஒருதரம் சிசேரியன் ஆகி, அடுத்தமுறை நோவில் பெற முயல்கிற 100 பேரில் 72 முதல் 75 பேர் வரை சாதாரணமாகப் பெறுகிறார்கள். முன்பு ஒரு பிள்ளையையாவது அப்படிப் பெற்றிருந்தால் 85 முதல் 90 பேர். மற்றவர்களுக்கு நோவின் நடுவில் சிசேரியன் செய்யவேண்டி வரும். அது நாள் குறித்துச் செய்வதைவிடக் கொஞ்சம் கடினம். தொற்று, இரத்தப்போக்கு இரண்டும் கூடுதல். பழைய தையல் கிழிவது 200 பேரில் ஒருவருக்கு. கேட்கச் சின்ன எண்தான், ஆனால் கிழிந்தால் நிமிடக் கணக்கில் தியேட்டருக்குள் போகவேண்டும். நோ வர மருந்து ஏற்றினால் அந்த ஆபத்து இரண்டு மூன்று மடங்காகும். முந்திய பிரசவத்துக்கும் இதற்கும் இடையில் ஒரு வருடம்கூட இல்லையென்றாலும் ஆபத்துக் கூடும்.

இனி எத்தனை பிள்ளை வேண்டும் என்று புருசனோடு கதையுங்கள். எங்கள் பக்கத்தில் மூன்று, நான்கு பிள்ளை ஆசை சாதாரணம். இழந்தவர்கள் அதிகமான மண் இது, அந்த ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொரு வெட்டோடும் அடுத்த கர்ப்பத்தில் இளங்கொடி பழைய வடுவில் வேரோடி ஒட்டும் ஆபத்து ஏறுகிறது. வாசலை மூடிய இளங்கொடியும் இருந்தால், ஒரு சிசேரியன் ஆனவருக்கு அப்படி ஒட்டிக்கொள்ள 100 இல் 11, இரண்டு ஆனவருக்கு 40. அப்படி ஒட்டினால் கருப்பையையே எடுக்கவேண்டி வரலாம். நான்கு பிள்ளை வேண்டும் என்பவருக்கு, முடிந்தால் நோவில் பெற முயல்வது பெரிய இலாபம். இத்தோடு போதும், எல்.ஆர்.ரி. (நிரந்தரக் கருத்தடை ஒப்பரேசன்) செய்யப்போகிறோம் என்பவருக்கு அந்தக் கணக்கு அவ்வளவு முக்கியமில்லை. இரண்டு தரம் வெட்டியவர்கள் நிபுணரிடம் தனியாகக் கதைக்க வேண்டும்.

தூரத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடவே எழுதுகிறேன், கொழும்பில் இருந்து சொல்பவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். தையல் போட்ட கருப்பையோடு நோ காண்பவருக்கு தியேட்டர், மயக்க மருந்து டொக்டர், இரத்தம் மூன்றும் இரவிலும் ஆயத்தமாக இருக்கவேண்டும். கிட்ட இருக்கும் சின்ன ஆஸ்பத்திரி அதற்குப் போதாது. எங்களுக்கு முல்லைத்தீவு இருபது கிலோமீற்றர் அளவில். கோடையில் அது ஒரு தூரமே இல்லை. கார்த்திகை, மார்கழியில் வட்டுவாகல் பாலத்துக்கு மேலால் தண்ணி பாய்ந்தால், ஒட்டுசுட்டானால் சுற்றி, முள்ளியவளை பிடித்துப் போகவேண்டும். அதனால் உங்கள் திகதி மாரியில் விழுகிறதா என்று முதலே பாருங்கள். விழுந்தால், திகதிக்கு முன்னமே வாட்டில் அனுமதிப்பார்களா என்று கேளுங்கள், அல்லது ஆஸ்பத்திரிக்குக் கிட்ட உள்ள சொந்தக்காரர் வீட்டில் போய் இருங்கள். இது இரண்டும் முடியாது, இரவில் துணைக்கும் ஆளில்லை என்றால், நாள் குறித்த சிசேரியனே உங்களுக்கு நல்லது. புருசன் வெளிநாட்டில், தாயும் இல்லை என்றிருந்த ஒரு பிள்ளைக்கு நானே அப்படிச் சொன்னேன்.

நாள் குறிப்பது என்றதும் மாமியார் பஞ்சாங்கத்தை எடுப்பா. நல்ல நட்சத்திரம் பாருங்கள், குற்றமில்லை. 39 கிழமை முடிந்த பிறகு வரும் நட்சத்திரமாகப் பாருங்கள். அதற்கு முன் எடுத்த பிள்ளைகள் மூச்செடுக்கக் கஷ்டப்பட்டுக் குழந்தைப் பிரிவில் கிடப்பது கூடுதல்.

36 கிழமைக்குள் நிபுணரின் கிளினிக்கில் முடிவை எழுதுவித்துக்கொள்ளுங்கள். அங்கே நெரிசல், இரண்டு நிமிடம் கிடைக்கும். கேள்விகளைத் தாளில் எழுதிப் போங்கள். என் வடு என்ன வகை? குறித்த நாளுக்கு முன் நோ வந்தால் என்ன செய்வீர்கள்? 41 கிழமையாகியும் வராவிட்டால் மருந்து ஏற்றுவீர்களா, வெட்டுவீர்களா? இரண்டாவது கேள்வியைச் சிசேரியன் என்று முடிவெடுத்தவர்களும் கட்டாயம் கேட்கவேண்டும், நோ நாள் பார்த்து வருவதில்லை.

நோ தொடங்கினால் வீட்டில் தாமதிக்காதீர்கள். பன்னீர்க்குடம் உடைந்தாலும், இரத்தம் பட்டாலும், பிள்ளையின் அசைவு குறைந்தாலும் உடனே 1990 அம்புலன்சுக்கு எடுங்கள், காசில்லை. நோ வரட்டும் என்று யாராவது ஆமணக்கெண்ணெய் தந்தால் வாங்கிக் குடிக்காதீர்கள், தருவது உங்கள் அம்மாவாக இருந்தாலும்.

லேபர் ரூமில் வயிற்றில் பட்டி கட்டிப் பிள்ளையின் துடிப்பை விடாமல் பார்ப்பார்கள், கையில் ஊசி குத்தி வைப்பார்கள். கழற்றச் சொல்லி அடம்பிடிக்க வேண்டாம்; தையல் விடத் தொடங்கினால் அநேகமாக அந்தத் துடிப்பில்தான் முதலில் தெரியும். என் இளையவளுக்கு நோ விட்ட இடைவெளிகளில் ஒரு மிஸ் வடுவில் விரலை வைத்து, "இப்ப நோகுதே?" என்று ஒவ்வொரு தரமும் கேட்டா. இல்லை என்றதும் தலையாட்டிவிட்டுப் போவா. ஏழெட்டுத் தரம் கேட்டிருப்பா. நோ விட்ட பிறகும் வடுவில் நோ விடாமல் நின்றால், அல்லது வந்துகொண்டிருந்த நோ சட்டென்று நின்றால், கேட்கும்வரை காத்திராமல் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

எப்படிப் பிறந்தாலும், துண்டு வெட்ட முன் கார்டை வாங்கிப் பாருங்கள். சிசேரியன் என்றால் எந்த வெட்டு, ஏன், அடுத்தமுறை நோவுக்கு விடலாமா என்ற மூன்றும் அதில் இருக்கவேண்டும். என் 2011 கார்டில் ஒப்பரேசனின் பெயர் மட்டும் இருந்தது. காரணம் எனக்குத் தெரிந்திருந்ததால் தப்பினேன். உங்கள் கார்டில் அந்த மூன்றும் இல்லையென்றால் வாட் டொக்டரிடம் கேட்டு எழுதுவியுங்கள். ரெலிபோனில் படம் எடுத்து ஒன்றை அம்மாவுக்கு அனுப்பி, கார்டைப் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டு உறைக்குள் வையுங்கள். வெள்ளம் வந்தாலும் அந்தப் பதிவேட்டை எடுக்காமல் வீட்டைவிட்டு ஓடும் தாயை நான் இதுவரை காணவில்லை.