விட்டுப்போன வீதிகளைத் தேடிப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை, ஆகவே குடைந்த சுரங்கமும் இல்லை. சுரங்கத்துக்குக் கொஞ்சம் கிட்ட வருவது பருத்தித்துறை தும்பளை வீதியில் நிற்கும் தெருமூடிமடம்: இரு பக்கமும் திண்ணை, மேலே கல்லால் மூடிய கூரை, நடுவால் தெரு. ஆனால் விட்டுப்போன வீதித் துண்டுகளுக்கு இங்கே குறைவில்லை. வீதியை நிமிர்த்தியபோது ஒதுங்கிப்போன வளைவுகள், பாலம் வந்ததும் வேலையிழந்த மிதவைத் துறைகள், வலிகாமம் வடக்கில் 1990இல் போரால் சனம் வெளியேறிய பிறகு பற்றை மூடிய ஒழுங்கைகள் எல்லாம் இருக்கின்றன. உண்மையான சுரங்கம் பார்க்க மலைநாட்டுக்குத்தான் போகவேண்டும், அது கடைசியில்.

எப்படிக் கண்டுபிடிப்பது

நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஒரு அங்குல வரைபடத்தையும் (ஒரு அங்குலம் ஒரு மைலுக்கு) இன்றைய செய்மதிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பழையதில் வளைந்து, புதியதில் நேராக ஓடும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கணினியில் கூகிள் ஏர்த் இருந்தால் அதில் பழைய ஆண்டுப் படங்களுக்குப் போகலாம். மாரி முடிந்து ஒரு மாதம் கழித்து எடுத்த படம்தான் பயன். சுற்றிலும் பச்சை, வீதி இருந்த இடம் மட்டும் வெளிறிய கோடாகத் தெரியும், கல்லுப் படுக்கையில் புல் வேர் பிடிக்காது என்பதால்.

பிறகு ஊரில் விசாரியுங்கள். ஒரு எச்சரிக்கை: எங்கள் பக்கத்தில் ‘பாதை’ என்றால் வாகனங்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையும்தான். ‘அந்தக் காலத்தில இதால பாதை ஓடினது’ என்று ஒரு ஐயா சொன்னால், தரையில் தேடி அலையாதீர்கள், நீர்க்கரைக்குப் போங்கள். நாவற்குழியிலிருந்து மன்னார் போகும் ஏ-32 வீதியில் கேரதீவு–சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதற்கு முன் அங்கே கடக்க இருந்தது பாதைதான். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே இன்றும் பாதை ஓடுகிறது. கைவிட்ட துறையொன்றைப் பார்க்குமுன் ஓடும் துறையைப் பார்த்துவிட்டுப் போனால், சரிவு எங்கே, கட்டும் தூண் எங்கே என்பது கண்ணுக்குப் பழகும்.

நிலத்தில் தேடவேண்டிய அடையாளங்கள்: மைல்கல் (கிலோமீற்றருக்கு மாறுமுன் நட்டது), நீரோட்டமே இல்லாத இடத்தில் தனியாக நிற்கும் மதகுச் சுவர், சுமைதாங்கி (நடந்துபோகிறவர் தலைச்சுமையை இறக்கிவைக்கும் கல்மேடை), ஆவுரஞ்சிக்கல் (மாடுகள் உடம்பை உரசிக்கொள்ள நட்ட கல்). சுமைதாங்கி சும்மா காணிக்குள் கட்டப்படுவதில்லை. பற்றைக்குள் ஒன்று நின்றால் பழைய நடைவழி அதன் முன்னால் போயிருக்கும்.

தார் உடைந்த ஓரத்தில் குந்தியிருந்து அடுக்குகளைப் பாருங்கள். மேலே விரல் தடிப்புக்குத் தார். கீழே கைப்பிடியளவு உடைகல். அந்தக் கல் வெளிறி, சிப்பி அச்சுகள் பதிந்திருந்தால் அது குடாநாட்டின் சுண்ணாம்புக்கல், பெரும்பாலும் பழைய வேலை. கறுத்த கருங்கல் என்றால் வெளியிலிருந்து லொறியில் வந்தது. குடாநாட்டில் கருங்கல் கிடையாது. ஒரே ஓரத்தில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தால், பழைய வீதியின் மேலேயே பிறகு போட்டிருக்கிறார்கள்.

போகுமுன் அனுமதி

விதானையாரை (கிராம அலுவலரை) கேளுங்கள். கேட்கவேண்டியது மூன்று: காணி யாருடையது, அந்த இடத்தைப் படையினர் விடுவித்துவிட்டார்களா, மிதிவெடி அகற்றி முடிந்ததா. மூன்றாவதற்கு ‘முடிஞ்சிருக்கும்’ என்று பதில் வந்தால் முடியவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். படை முகாம் ஓரங்களில் படம் எடுக்காதீர்கள். டிரோனுக்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும், பலாலி விமான நிலையத்துக்குக் கிட்ட அந்த யோசனையே வேண்டாம். வசாவிளான்–பலாலி வீதி 2025 ஏப்ரலில் திறந்தபோது நேரக் கட்டுப்பாடு, இடையில் நிற்கக்கூடாது, படமெடுக்கக்கூடாது என்ற நிபந்தனைகளோடுதான் திறந்தது. இவை மாறும், அன்றைக்கு நிற்கும் பலகையை வாசியுங்கள்.

தண்டவாளத்தில் நடக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். இருபத்து நாலு வருசம் ரயில் இல்லாததால் பலருக்கு அது ஒற்றையடிப் பாதை போலப் பழகிவிட்டது. யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்டோபரிலும் காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரியிலும் ரயில் திரும்ப வந்துவிட்டது.

மிதிவெடி

முகமாலை, ஆனையிறவுப் பக்கம் போரில் நீண்ட காலம் முன்னரங்கு இருந்த இடம். அகற்றும் வேலை வருடக்கணக்காக நடக்கிறது. அங்கே ஏ-9 வீதியின் தாரை விட்டு இறங்கவேண்டாம், சிறுநீர் கழிக்கக்கூட. சிவப்புப் பலகை, மண்டையோட்டுப் படம், சிவப்பு நுனி பூசிய தடி எது கண்டாலும் அதற்கு அப்பால் போகாதீர்கள். பலகை இல்லாதது பாதுகாப்புக்கு அத்தாட்சி அல்ல. விறகுக்கும் தகரத்துக்கும் பலகைகள் போயிருக்கும். வெள்ளம் மண்ணை அரிக்கும்போது புதைத்தது இடம் மாறும், ஆகவே போன வருசம் நடந்த வழி என்பதும் கணக்கில்லை.

ஏதாவது கண்டால்: நில்லுங்கள், கூட வந்தவர்களையும் நிற்கச் சொல்லிக் கத்துங்கள். தொடாதீர்கள், கல்லெறியாதீர்கள், அடையாளத்துக்குத் தடி நடவும் வேண்டாம். நின்ற இடத்திலிருந்தே 119க்கு (பொலிஸ்) அழையுங்கள். போன் எடுக்காமல், உதவிக்கும் ஆள் வராத நிலை என்றால் மட்டும், தெளிவாகத் தெரியும் உங்கள் சொந்தக் காலடித் தடத்திலேயே கால்வைத்துப் பின்வாங்கலாம்.

மதகும் கிணறும் பாம்பும்

மூன்று பேராகப் போங்கள்: ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் கூட இருக்க, மற்றவர் வீதிக்கு ஓட. ஆளுக்கு அரைநாளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், கணுக்கால் மூடும் சப்பாத்து, ஐந்தடித் தடி, விசில், இரண்டு டோர்ச். போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் எழுதிவைத்துவிட்டுப் போங்கள்.

பழைய மதகின்மேல் ஏறுமுன் பக்கவாட்டில் இறங்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். உப்புக்காற்று பட்ட கொங்கிறீற்றுக்குள் கம்பி துருப்பிடித்து வீங்கும், வீங்கும்போது கீழ்த்தோல் உரிந்து விழும். மேலே தார் நல்லாகத்தான் இருக்கும், ஏமாற்றுவதே அதுதான். கபிலக் கம்பி வெளியே தெரிந்தால் சுற்றிப் போங்கள். மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டும் அதில் ஏறவேண்டாம். மதகுக்குள் தவழ்வதற்கு எந்தக் காரணமும் இல்லை.

கைவிட்ட ஒழுங்கைகளில் எங்கள் கணக்கில் மிதிவெடிக்கு அடுத்த ஆபத்து கட்டில்லாத கிணறு. பற்றைக்குள் இரண்டு துலாக்கால் (தண்ணீர் இறைக்கும் துலாவைத் தாங்கும் தூண்) நின்றால் கிணறு சில அடி தூரத்தில்தான் இருக்கும். துலாக்கால் விழுந்திருந்தால், மற்ற இடம் காய்ந்திருக்க ஒரு வட்டம் மட்டும் பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள். முன்னால் போகிறவர் தடியால் நிலத்தைக் குத்திப் பார்த்தே அடியெடுக்கவேண்டும். கொடி பின்னிய வாய் கையளவு பாரத்தையும் தாங்காது. ஆனால் தடி குத்துவது மிதிவெடி அகற்றியது உறுதியான இடத்தில் மட்டும்.

கல்லுக்கும் ஓட்டுக்கும் இடையே புடையன், சுருட்டை என்ற விஷப்பாம்புகள் கிடக்கும். கை வைக்குமுன் கண் வையுங்கள். கடித்தால் மோதிரம், கடிகாரத்தைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சை அழையுங்கள். இறுக்கிக் கட்டுவதோ வெட்டுவதோ உறிஞ்சுவதோ வேண்டாம். பரியாரியாரிடம் (நாட்டு வைத்தியரிடம்) போய் நேரத்தைக் கழிக்காமல் நேரே யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும்.

மலைநாட்டுச் சுரங்கங்கள்

தொடங்க நல்ல இடம் கடுகண்ணாவை. 1820களில் கப்டன் டோசன் மேற்பார்வையில் போட்ட கண்டி வீதி அங்கே பாறையைத் துளைத்துப் போகிறது. இன்றைய ஏ-1 பாறையைச் சுற்றிப் போவதால் துளைக்குள் நடந்து பார்க்கலாம். சுவரில் உளி பட்ட தழும்பைக் கிட்ட நின்று பாருங்கள். நானுஓயாவிலிருந்து இராகலைக்கு ஓடிய குறுகிய ரயில்பாதை 1948இல் மூடப்பட்டது. அதன் தடத்தைத் தேடுகிறவர்கள் சரிவைப் பார்க்கவேண்டும்: வண்டிப்பாதை குத்தென ஏறும், ரயில்தடம் ஒரே அளவாக, அகன்ற வளைவுகளோடு ஏறும். ஹற்றனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலுள்ள சிங்கமலைச் சுரங்கம் ஓடும் பாதை, உள்ளே போகக்கூடாது.

கைவிட்ட சுரங்கத்தின் வாயில் முதலில் தரையைப் பாருங்கள். பாசி பிடிக்காத, முறிவு புதிதான கல் கிடந்தால் கூரை அண்மையில் உதிர்ந்திருக்கிறது, திரும்புங்கள். மறுவாயின் வெளிச்சமோ காற்றோட்டமோ இல்லாத குழிக்குள் போகவேண்டாம். நெருப்புப்பெட்டி உரசிக் காற்றைச் சோதிக்கும் பழைய வித்தையை நம்பாதீர்கள்: சுடர் எரிந்தாலும் காற்று ஆபத்தானதாக இருக்கலாம். வாயு அளக்கும் கருவி இருந்தால் ஒட்சிசன் 19.5 வீதத்துக்குக் கீழே போனதும் வெளியே வாருங்கள். வௌவால் எச்சம் காய்ந்து கிடந்தால் என்95 முகக்கவசம் போடுங்கள், காலால் கிளறாதீர்கள். தேங்கிய தண்ணீரில் தடி அடியைத் தொடாவிட்டால் அந்த இடத்தோடு நிற்பாட்டுங்கள்.