தற்காப்புக்குத் தோட்டா வாங்கும் முன்

உரிமம் பெற்றுக் கைத்துப்பாக்கியை உடன் வைத்திருப்பவர்களில் சிலர், பயிற்சிக்கு வாங்கிய தோட்டாவையே அதில் போட்டு வைக்கிறார்கள். தயவுசெய்து அது வேண்டாம். முழுக்கச் செம்பு உறை போட்ட அந்த உருண்டை முனைத் தோட்டா ஆளைத் துளைத்து மறுபக்கம் போய்விடக்கூடும். பின்னால் நிற்கும் அப்பாவிக்கு அது ஆபத்து.

தற்காப்புக்கு ஏற்றது ஹாலோ பாயிண்ட். முனையில் குழி இருக்கும். பட்டதும் காளான்போல விரிந்து வேகம் குறையும். சோதனையில் சதைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டின் கட்டியில் 12 முதல் 18 அங்குலம் வரை ஊடுருவ வேண்டும் என்பது அமெரிக்க எஃப்.பி.ஐ.யின் அளவுகோல். குழல் குட்டையாக இருந்தால் வேகம் குறைந்து, சில தோட்டாக்கள் விரியாமலே போகும். அதனால் உங்களுடையதைப் போன்ற குழலில் நடந்த சோதனையைப் பாருங்கள். தோட்டா அளவு 9 மி.மீ.யா, .45 அங்குலமா என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். உங்கள் கைக்கு அடங்குவதே நல்லது. சில இடங்களில் ஹாலோ பாயிண்டுக்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு, விசாரித்துக்கொள்ளுங்கள்.

வாங்கியதும் உங்கள் துப்பாக்கியிலேயே சுடும் தளத்தில் இரண்டு பெட்டியாவது சுட்டுப் பாருங்கள். விலை அதிகம்தான், ஆனாலும் இதில் சிக்கனம் கூடாது. ஒருமுறை துப்பாக்கிக்குள் சிக்கினாலும் எனக்கு அந்தத் தோட்டா மேல் நம்பிக்கை போய்விடும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஒரே தோட்டாவைத் தினமும் ஏற்றி இறக்கினால் முனையிலுள்ள குண்டு கொஞ்சம் கொஞ்சமாக மருந்து இருக்கும் கூட்டுக்குள் அழுந்தும். சுடும்போது உள்ளழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். புதுத் தோட்டாவுக்குப் பக்கத்தில் மேசைமேல் நிறுத்திப் பாருங்கள். மயிரிழை குட்டையாகத் தெரிந்தாலும் அதை ஒதுக்கிவிடுங்கள்.