பசுமைக் குடும்பத்தை நையாண்டி செய்யும் கார்ட்டூன் சிட்காம்: ஓர் எபிசோட் எழுதும் முறை

2009-இல் அமெரிக்காவின் ஏபிசி சேனலில் ‘தி குட் ஃபேமிலி’ என்ற கார்ட்டூன் சிட்காம் வந்தது; சுற்றுச்சூழலுக்குக் கேடு செய்யாமல் வாழத் துடிக்கும் குட் குடும்பத்தின் கதை அது. மைக் ஜட்ஜ், ஜான் ஆல்ட்ஷுலர், டேவ் கிரின்ஸ்கி உருவாக்கிய அந்தத் தொடர் 13 எபிசோடுகளோடு நின்றுபோனாலும், இந்த வகையை எழுத வருகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

கதையை யோசிக்கும் முன் குடும்பத்தின் விதிகளை ஒரு தாளில் எழுதுங்கள். எட்டோ பத்தோ போதும்: இறைச்சி கூடாது, பிளாஸ்டிக் கூடாது, யார் மனமும் நோகக்கூடாது, உள்ளூர்ப் பொருள்தான் வாங்க வேண்டும். பிறகு அவற்றில் இரண்டை மோத விடுங்கள். விதியை ரகசியமாக மீறுகிற ஆளை வைத்து எழுதினால் அவர் வெறும் போலி ஆகிவிடுவார். போலியை ஒரு வாரத்துக்கு மேல் யாரும் பார்க்க மாட்டார்கள். எல்லா விதிகளையும் மனதார நம்புகிறவர் மாட்டிக்கொண்டு முழிக்கும்போது சிரிப்பும் வரும், அவர்மேல் பாசமும் வரும்.

உதாரணமாக, அம்மா துணிப்பையை மறந்துவிட்டுக் கடைக்குப் போய்விடுகிறார். பேப்பர் பை என்றால் மரம் போகிறது, பிளாஸ்டிக் என்றால் கடல் கெடுகிறது. சரி, புது ஆர்கானிக் பருத்திப் பை? டென்மார்க் சுற்றுச்சூழல் அமைப்பு 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, எல்லா வகைப் பாதிப்புகளையும் சேர்த்துப் பார்த்தால், அது பிளாஸ்டிக் பைக்கு ஈடாக 20,000 முறை பயன்பட வேண்டும். வாரம் இருமுறை கடைக்குப் போனால் 190 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இந்தக் கணக்கை மகள் வாயில் கொடுங்கள். ஒவ்வொரு வழியும் அடைபடும்போது பின்னால் வரிசை நீள வேண்டும். காட்சி 90 வினாடியைத் தாண்டினால் தொய்ந்துவிடும். எண்களை மட்டும் கற்பனை செய்யாதீர்கள். தகவல் உண்மையாக இருந்தால்தான் கேலி அறிவியலின் மேல் விழாமல் மனிதத் தவிப்பின் மேல் விழும்.

வசனமே இல்லாத ஒரு தொடர் நகைச்சுவை கட்டாயம் வேண்டும். குட் குடும்பத்தின் நாய் சே-வுக்குச் சைவ உணவு மட்டும்தான். அக்கம்பக்கத்துச் சிறு பிராணிகள் காணாமல் போய்க்கொண்டே இருக்கும். அந்தத் தொடரின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு இதுதான். ஒரு எபிசோடில் இரண்டு மூன்று இடம், ஒவ்வொன்றும் ஐந்து வினாடி போதும். குடும்பம் கவனித்துவிட்டால் அது தனிக் கதையாகிவிடும், எனவே கவனிக்கவே கூடாது.

எதிர்க்குரலும் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். ‘தி குட் ஃபேமிலி’யில் அம்மா ஹெலனின் அப்பா சார்லி அதைச் செய்கிறார். அவரே எப்போதும் ஜெயித்தால் தொடர் பிரசாரமாகிவிடும். எபிசோடுக்கு ஒருமுறையாவது அவர் தோற்க வேண்டும்.

அரை மணி நேர இடத்தில் விளம்பரம் போக 22 நிமிடம் கிடைக்கும். வினாடிக்கு 24 ஃபிரேம் என்றால் மொத்தம் 31,680. ஸ்கிரிப்டிலிருந்து ஒளிபரப்பு வரை பல மாதங்கள் ஓடுவதால், அந்த வாரச் செய்தியை நம்பிய ஜோக் திரைக்கு வருவதற்குள் பழசாகிவிடும். குரலை முதலில் பதிவுசெய்து, ஸ்டோரிபோர்டு படங்களை (காட்சிகளின் வரிசையான கோட்டோவியங்களை) அதோடு ஓட்டி அனிமேட்டிக் என்னும் முன்னோட்ட வீடியோ தயாரியுங்கள். வெட்ட வேண்டியதை அங்கேயே வெட்டுங்கள். முழு அனிமேஷன் முடிந்தபின் வெட்டும் ஒவ்வொரு வினாடியும் வரைந்த உழைப்பு வீண்.