முதலில் எர்ரர் லாக், அப்புறம்தான் கான்ஃபிக்

என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரில் ஓடும் தளம் வேலை செய்யவில்லை என்று தகவல் வந்ததும், கை தானாகவே அதன் கான்ஃபிக் (அமைப்பு) ஃபைலைத் திறக்கப் போகும். கொஞ்சம் பொறுங்கள். இரண்டு டெர்மினல் திறந்து, ஒன்றில் எர்ரர் லாக்கை (சர்வர் பிழைகளை எழுதிவைக்கும் ஃபைல்) டெயில் கட்டளை போட்டு, புது வரி வரவரத் தெரியும்படி ஓட விடுங்கள். இன்னொன்றில் கர்ல் கட்டளை வைத்து அந்தப் பக்கத்தைக் கேளுங்கள். பிரவுசரில் சோதிக்க வேண்டாம். 301 ரீடைரக்டை (பக்கம் நிரந்தரமாக வேறு முகவரிக்குப் போய்விட்டது என்ற பதில்) பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்ளும். நீங்கள் சரிசெய்த பிறகும் பழைய முகவரிக்கே போய் நிற்கும்.

எர்ரர் லாக், வரும் கோரிக்கைகளை எழுதும் ஆக்சஸ் லாக் இரண்டிலும் புது வரி எதுவும் விழவில்லையா? உங்கள் கோரிக்கை இந்த சர்வருக்கே வரவில்லை, அல்லது வேறு சர்வர் பிளாக் (கான்ஃபிக்கில் இன்னொரு தளத்துக்கான பகுதி) அதை வாங்கி வேறு லாக்கில் எழுதுகிறது. டிஎன்எஸ், ஃபயர்வால், போர்ட் மூன்றையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

வரி விழுந்தால், அதில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணைத்தான் நான் முதலில் தேடுவேன். 502 (பின்னால் இருக்கும் ஆப்பிடமிருந்து சரியான பதில் இல்லை) என்று பிரவுசர் மொட்டையாகச் சொல்லும். காரணம் அந்த எண்ணில் இருக்கும். 111 என்றால் அந்த போர்ட்டில் கேட்க ஆளே இல்லை, ஆப் நின்றுவிட்டது. 2 என்றால் சாக்கெட் ஃபைல் (சர்வரும் ஆப்பும் பேசிக்கொள்ளும் வழி) அந்த இடத்தில் இல்லை. உபுண்டுவில் பிஎச்பியை 8.1-லிருந்து 8.3-க்கு மாற்றினால் இப்படித்தான் ஆகும். சாக்கெட் ஃபைலின் பெயரிலேயே பதிப்பு எண் இருப்பதால், கான்ஃபிக்கில் பழைய பெயர் அப்படியே தங்கிவிடும். 13 என்றால் ஃபைல் இருக்கிறது, தொட அனுமதி இல்லை.

இந்த 13 ஒரு ராத்திரி முழுவதும் என்னை உட்கார வைத்தது. பக்கம் 403 (அனுமதி மறுப்பு) காட்டியது. அனுமதி எண்கள் ஃபைலுக்கு 644 (எல்லோரும் படிக்கலாம்), அது இருந்த டைரக்டரிக்கு 755 (எல்லோரும் நுழையலாம்), எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் தளம் ஒரு பயனரின் ஹோம் டைரக்டரிக்குள் இருந்தது, அந்த ஹோமுக்கு 750 (வெளியார் நுழைய முடியாது). உபுண்டு 21.04 முதல் புதிதாக உருவாகும் ஹோமுக்கு அதுதான் வழக்கம். ஒரு ஃபைலை எட்ட வேண்டுமானால் மேலே இருக்கும் ஒவ்வொரு டைரக்டரியிலும் நுழையும் அனுமதி வேண்டும். நடுவில் ஒரு கதவு பூட்டியிருந்தாலும் போதும். 'நேம்ஐ' (namei) கட்டளைக்கு 'எல்' (l) ஆப்ஷன் கொடுத்து முழுப் பாதையையும் கொடுங்கள். படிப்படியாக எல்லா அனுமதியும் கண்முன் வந்துவிடும். எரிச்சலில் 777 மட்டும் போட்டுவிடாதீர்கள், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஆகிவிடும். தளத்தை ஹோமிலிருந்து வெளியே நகர்த்துவதுதான் சரி. ரெட்ஹேட் வகை சர்வர் என்றால், அனுமதி எல்லாம் ஒழுங்காக இருந்தும் 13 வரலாம். எஸ்ஈலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அமைப்பு தடுக்கிறதா என்று அதன் ஆடிட் லாக்கில் பாருங்கள்.

மாற்றினேன், ஆனால் மாறவே இல்லை என்பது அடுத்த வகைத் தொல்லை. என்ஜின்எக்ஸில் சின்ன எழுத்து 'டி' (t) ஆப்ஷன் கான்ஃபிக்கைச் சோதிக்கும். பெரிய எழுத்து 'டி' (T) அதோடு சேர்த்து, சர்வர் படிக்கும் மொத்த கான்ஃபிக்கையும் கொட்டிக் காட்டும். ஒருமுறை அதில் ஒரே தளம் இரண்டு தடவை வந்தது. டெபியன், உபுண்டுவில் சைட்ஸ்-எனேபிள்ட் டைரக்டரியில் கிடக்கும் எல்லா ஃபைலையும், பெயர் என்னவானாலும், என்ஜின்எக்ஸ் படிக்கும். யாரோ பழைய கான்ஃபிக்கை 'பேக்கப்' என்று தொடங்கும் பெயரில் அங்கேயே நகல் எடுத்து வைத்திருந்தார்கள். அகரவரிசையில் அது முன்னால் வந்ததால் அதுவே செல்லுபடியானது, புதியது தள்ளப்பட்டது. சோதனையில் 'கான்ஃபிளிக்டிங் சர்வர் நேம்' என்ற எச்சரிக்கை வந்தால் இதைத் தேடுங்கள். நகல்களை வேறு டைரக்டரியில் வையுங்கள்.

சோதனை தேறிய பிறகு ரீலோட் கொடுங்கள், ரீஸ்டார்ட் வேண்டாம். கான்ஃபிக்கில் பிழை இருந்தால் ரீலோடில் பழையது ஓடிக்கொண்டே இருக்கும். ரீஸ்டார்ட் செய்தால் சர்வர் நின்றது நின்றதுதான்.

413 வந்தால் அப்லோடு அளவு. என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிதான் ஏற்கும், கூட்டிவிடலாம். 504-க்கு அப்படி அவசரப்பட்டுக் கூட்டாதீர்கள். ப்ராக்ஸியாக, அதாவது ஆப்புக்கு முன்னால் இடைத்தரகராக நிற்கும் என்ஜின்எக்ஸ் 60 விநாடி காத்திருந்தும் ஆப் பதில் தரவில்லை என்று அர்த்தம். 300 ஆக்கினால் பயனர் 5 நிமிடம் காத்திருப்பார், அவ்வளவுதான். அந்த நேரத்தில் ஆப் என்ன செய்துகொண்டிருந்தது, டேட்டாபேஸில் எந்தக் குவெரி ஓடியது என்று பாருங்கள்.