டெக்சாஸுக்குப் புதிதாக வருபவர்கள் துப்பாக்கி விஷயத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது

சோஷியல் செக்யூரிட்டி எண், வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றை அலுவலகமே சொல்லித்தரும். அலுவலகம் சொல்லித்தராத, என் நண்பரின் தூக்கத்தைப் பல மாதங்கள் கெடுத்த ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

நம் ஊரில் துப்பாக்கி உரிமம் வேண்டுமென்றால் ஆட்சியர் அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். கிடைத்தாலும், தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். டெக்சாஸிலோ 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பிய, சட்டம் தடுக்காத எவரும் உரிமமே இல்லாமல் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். காவலர் வந்து சேரும்வரை தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும் என்பார் ஒரு சாரார். வாகனம் நிறுத்துமிடத்தில் நடக்கும் வாய்ச்சண்டைகூடக் கொலையில் முடியும் என்பார் மறுசாரார். உரிமம் கேட்பவர் தனக்குரிய தனிப்பட்ட தேவையை நிரூபிக்க வேண்டும் என்ற நியூயார்க் விதியை 2022இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபின் முதல் சாராரின் கை ஓங்கியிருக்கிறது. என் மனம் மறுசாரார் பக்கமே சாய்கிறது. ஆனால் விசாவில் இருப்பவருக்கு இந்த விவாதத்தில் இடமே இல்லை.

"சட்டம் தடுக்காத" என்ற இரண்டு சொற்களில்தான் குழி இருக்கிறது. எச்1பி, எச்4, எல்1, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, மத்தியச் சட்டம் தடை செய்கிறது. மீறினால் 15 ஆண்டுகள்வரை சிறை. ஷூட்டிங் ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியால் பத்து நிமிடம் சுடுவதும் இந்தத் தடைக்குள் வரும். மாணவர் விசாவில் வந்து, படிப்பிலிருந்து நீக்கப்பட்டபின் ஊர் திரும்பாத ஒருவர் புளோரிடாவில் அப்படிச் சுட்டதற்காகத் தொடரப்பட்ட வழக்கு, 2019இல் உச்ச நீதிமன்றம்வரை போனது.

எச்1பியில் இருந்த என் நண்பரை அலுவலகக் குழுவினர் விருந்துபோல ரேஞ்சுக்கு அழைத்துப் போனார்கள். கல்லூரியில் என்.சி.சி.யில் சுட்ட பெருமையில் இருந்த அவர், விசாவைப் பற்றிக் கேட்டிருந்த படிவத்தைப் படிக்காமலே கையெழுத்திட்டுவிட்டு, படத்தை முகநூலிலும் போட்டார். நான்கு ஆண்டுகள் கழித்து, ஆயுதப் பயிற்சி பெற்றதுண்டா என்று கிரீன் கார்டு விண்ணப்பம் கேட்டபோதுதான் வயிற்றைக் கலக்கியது. வழக்கறிஞருக்குத் தனிக் கட்டணம் அழுதார். விண்ணப்பம் முடியும்வரை நாட்டைவிட்டு வெளியேற வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டதால், தங்கை மகளின் காதுகுத்து தாய்மாமன் மடி இல்லாமலே நடந்தது.

கிரீன் கார்டு, அதாவது நிரந்தர வசிப்புரிமை, கிடைத்தபின் இந்தத் தடை விலகும். அதுவரை ரேஞ்சுக்கு அழைத்தால் விசாவைக் காரணம் காட்டி மறுத்துவிடுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். நீங்கள் வைத்திருக்காவிட்டாலும் எதிரில் இருப்பவர் வைத்திருக்கலாம் என்பதால், சாலையில் ஹாரன் அடித்துச் சண்டைக்குப் போகாதீர்கள். காவலர் உங்கள் காரை நிறுத்தினால், நீங்களும் வைத்திருக்கலாம் என்றே அவர் எண்ணுவார். ஆகவே நம் ஊரில்போல ஆர்.சி. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கி அவரிடம் ஓடாமல், ஸ்டியரிங்மேல் இரண்டு கைகளையும் வைத்து, அவர் கேட்கும்வரை காருக்குள்ளேயே உட்கார்ந்திருங்கள்.