வேதிவினை வேகம்: சுண்ணாம்புக்கல்லை வைத்தே பார்க்கலாம்

திருநெல்வேலியை அடுத்த தாழையூத்துப் பக்கம் சுண்ணாம்புக்கல்லுக்குப் பஞ்சமில்லை. என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அதையே எடுத்துவரச் சொல்வேன். சம எடையில் ஒன்றைத் துண்டாகவே வையுங்கள். இன்னொன்றை இடித்துப் பொடியாக்குங்கள். இரண்டு டம்ளரிலும் ஒரே அளவு வினிகர் ஊற்றுங்கள். துண்டின் மேல் குமிழ்கள் ஒட்டிக்கொண்டு மெல்லக் கழன்று ஏறும். பொடியோ ஊற்றியதுமே நுரைத்துப் பொங்கும். அமிலம் படுகிற பரப்பு கூடியதுதான் காரணம்.

அப்புறம் வினிகரில் தண்ணீர் கலந்து பாருங்கள், வேகம் குறையும். டம்ளரை வெந்நீரில் நிறுத்தினால் கூடும். பல வினைகளில் 10 டிகிரி ஏறினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இதில் நான் கறார்.

வினையூக்கிக்கு, அதாவது தான் செலவாகாமல் வினையை வேகப்படுத்தும் பொருளுக்கு, மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடில் பச்சை உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றைப் போடுங்கள், கையில் படாமல். கிழங்கிலுள்ள கேட்டலேஸ் நொதி அதை வேகமாகச் சிதைக்க, ஆக்சிஜன் நுரைத்து வரும்.